ஜெசிந்தினி போட்ட பூட்டு

பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த நௌபர் நானாவின் போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஜெசிந்தினி பாதை நிலவரம் சொல்லும் ஓர் இணையப் பக்கத்தை உருவாக்கினாள். மழை பிடித்துவிட்டால் பூனாகலைப் பாதையில் எங்கே மண் சரியும், எந்த பஸ் பாதியில் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. அவளும் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீடொன்றில் இருப்பவள்தான். பாதையில் நிற்கிற யார் வேண்டுமானாலும் போனிலிருந்து எழுதலாம், படம் போடலாம் என்று வைத்தாள். முதல் வாரம்தான் அவள் எழுதினாள். பிறகு லொறி ஓட்டுகிறவர்கள், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் றீட்டா, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஊரே எழுதியது.

ஒருநாள் யாரோ விளையாட்டுக்குப் பாதை மூடப்பட்டுவிட்டது என்று எழுதிவைத்தார்கள். அதை நம்பி வெலிமடை மரக்கறி லொறி ஒன்று திரும்பிப் போய்விட்டது. ஏற்றிவந்த லீக்ஸ் மரக்கறியெல்லாம் அழுகிப்போயிற்றென்று வியாபாரி கடைக்கே வந்து சத்தம் போட்டார்.

"ஒன்ட பக்கம்தானே புள்ள? அப்ப நீதான் பொறுப்பு" என்றார் நௌபர் நானா.

அன்றே பூட்டுப் போட்டாள். யார் எழுதினாலும் அவள் பார்த்து அனுமதித்தால்தான் வெளியே தெரியும்.

அதோடு அவள் அகப்பட்டுக்கொண்டாள். தேவாலயத்தில் பூசை நடக்கும்போதும் குளிக்கப் போனாலும் போன் கூடவே வந்தது. "இன்னும் போடலியா?" என்று அழைத்துக் கேட்டார்கள். நம்பலாமா என்று தெரியாதவற்றை அவள் தொடாமலே விட்டாள். தப்பாகிவிட்டால் பழி தன் தலையில்தானே விடியும்?

ஐப்பசியில் விடாமல் மழை பெய்த ஒரு நாள். கடையில் நெரிசல், போனைப் பார்க்க நேரமில்லை. மதியத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போக அவசரமாகப் பூனாகலை பஸ் ஏறினாள். பாதி வழியில், ஒரு வளைவைத் தாண்டியதும் பஸ் நின்றது. முன்னால் மரத்தோடு மண் சரிந்து கிடந்தது. சாரதி பின்னால் எடுக்கப் பார்த்தபோது பின்பக்கத்தையும் மண் அடைத்தது. ஜன்னல்களை மூடிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மூச்சு முட்டியது.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியாயி என்ற மூதாட்டி தன் போனை நீட்டினாள். "இந்தா பாரு புள்ள, ரோட்டு தொறந்திருக்குன்னு இதுல போட்டிருக்கே. இத நம்பித்தானே ஏறுனேன்."

அது காலையில் கடைக்கு வருமுன் ஜெசிந்தினி அனுமதித்த செய்தி. தன் போனில் சிக்னல் கொஞ்சம் எட்டிப்பார்த்தபோது, காத்துக்கிடந்தவற்றைத் திறந்தாள். முதலில் இருந்தது றீட்டா அனுப்பிய படம். இதே வளைவு, மேட்டில் பெரிய வெடிப்பு. பஸ் கிளம்பும் முன்பே வந்திருக்கிறது. அனுமதி கொடுக்க அழுத்தினாள். சிக்னல் போய்விட்டது.

"இந்தப் பக்கத்த நடத்துறதே நான்தாங்கம்மா" என்றாள் மெதுவாக. "றீட்டாக்கா மொதல்லயே எழுதியிருக்காங்க. நான் பாக்கல."

பெரியாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப நீயும் பாக்காமத்தான் ஏறுனியா?"

இருட்டும் முன் தோட்டத்து ஆட்கள் வந்து தேயிலைச் செடிகளுக்குள்ளே வழிபண்ணி எல்லோரையும் தோட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள். மேலே குடையோடு றீட்டா நின்றாள்.

"ஏன் நான் எழுதுனத மறைச்சே?"

"மறைக்கலக்கா, கடையில நெரிசல், பாக்கல. பாத்திருந்தாலும் உண்மையா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் அங்க நின்னேனே, ஜெசி. என்னைய நம்ப மாட்டியா?"

மறுநாளே ஜெசிந்தினி பூட்டை எடுத்தாள். எழுதியது உடனே வெளியே தெரியும். அதே பாதையில் இருப்பவர்கள் ஆமென்றோ இல்லையென்றோ பக்கத்திலேயே சொல்லலாம். பொய்யை நீக்கும் உரிமையை றீட்டாவுக்கும் லொறிக்காரர் சிலருக்கும் கொடுத்தாள்.

"திரும்பவும் எவனாச்சும் பொய் எழுதினா?" என்றார் நௌபர் நானா.

"அவங்களே திருத்துவாங்க நானா."

அவர் நம்பவில்லை. ஆனால் அப்படி ஒரு பொய் வந்தபோது, அவள் போனை எடுப்பதற்குள் யாரோ அதை நீக்கியிருந்தார்கள். தன்னைக் கேட்காமலே பக்கம் நடக்கிறது என்பதில் ஆறுதலும் இருந்தது, ஒரு வலியும் இருந்தது.

பயம் மட்டும் முழுதாகப் போகவில்லை. வானம் இருண்டு வந்தால், பூனாகலை பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலை வைத்தபடி, ஜனங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நிற்பாள். ஏறவும் மனம் வராது, இறங்கவும் வராது.