இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு

கண்ணுங்களா, கயிறு நேராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதத்தைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்க அம்மா இன்னும் நிறுத்தவில்லை.

ஏற்காட்டில் லாட்ஜ் விரிப்புகளைத் துவைப்பது பாதி வேலைதான். காய வைப்பதுதான் பெரும்பாடு. அன்று காலை நல்ல வெயில். ஒரு புது லாட்ஜில் முதல் தடவையாக வேலை கொடுத்திருந்தார்கள், எல்லாம் வெள்ளை விரிப்பு. அடிவாரத்திலிருந்து மூடுபனி ஏறுவதற்குள் காய வேண்டும். செம்மண் கறை பட்டால் அடுத்த மூட்டை வராது.

கயிறு தொங்கினால் விரிப்பு மண்ணைத் தொடுமே என்று, சில்வர் ஓக் மரத்தில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டி, காலை ஊன்றி இழுத்தேன்.

பத்தாவது படிக்கும் உங்க அக்கா வந்தாள். “எவ்வளவு இழுத்தாலும் தொங்கத்தானுங்கப்பா செய்யும். அம்மா, உங்க சங்கிலியக் கழட்டுங்க.”

“எதுக்கு? கணக்கு வாத்தியார் அடகு வைக்கச் சொன்னாரா?” என்று கேட்டுக்கொண்டே உங்க அம்மா கழட்டிக் கொடுத்தாள்.

அக்கா சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்து விரித்துக் காட்டினாள். தொங்கலின் ஆழம் குறைந்ததே தவிர, போகவில்லை. “இதுக்குப் பேரு சங்கிலி வளைவு. இன்னும் இழுத்தா அறுந்துதான் போகும், நேராவாது.”

“சங்கிலி வேற, கயிறு வேற,” என்று சொல்லி ஈர விரிப்புகளை வரிசையாகப் போட்டேன்.

கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது! உங்க அம்மா பாய்ந்து கயிற்றைத் தோளில் தாங்கிக்கொண்டாள். விரிப்பு மண்ணுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

“ஏனுங்க, சீக்கிரம். இன்னும் கொஞ்ச நேரம் நின்னா, சில்வர் ஓக்குல ஏறுறாப்பல என்மேலயும் மொளகுக்கொடி ஏறிரும்.”

“கயிறு சாஞ்சு இருந்தாத்தானுங்கப்பா பாரத்தை மேல தூக்கும்,” என்றாள் அக்கா. “படுத்தாப்பல இருந்தா பக்கவாட்டுலதான் இழுக்கும். கொக்கி பாவம்!”

“பாவம் நானு,” என்றாள் அம்மா.

அவள் தாங்கிக்கொண்டிருக்கும்போதே ஏணி வைத்து, அந்த முனையை இன்னொரு மரத்தில் உயரமாக, தளர்வாகக் கட்டினேன். கயிறு நன்றாகவே தொங்கியது. ஆனால் விரிப்பு எதுவும் தரையைத் தொடவில்லை.

சாயங்காலம் லாட்ஜ்காரர் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். கறை இல்லை. அடுத்த மூட்டையை இறக்கிவிட்டுப் போனார்.

உங்க அம்மா தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “அடுத்த தடவை கயித்தைப் புள்ள கட்டட்டும். நீங்க தொவைங்க, போதும்.”