செத்துப்போன விமானியைத் தேடித் திருவொற்றியூருக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலூரில் எங்கள் வீட்டு டிவியில் பழைய டப்பிங் படம் ஒன்று ஓடியது. காட்டுக்குள் புதையல் தேடிப் போகும் கதை, சின்ன வயதில் தியேட்டரில் பார்த்தது. பாலம் அறுந்து விமானி பள்ளத்தில் விழுந்ததும், "இரு, கடைசியில ஒடிஞ்ச கையோட ஏறி வருவான்" என்று மகனிடம் சொன்னேன். படம் முடிந்தது. விமானி வரவேயில்லை. "அம்மா சொந்தமா கதை விடுறாங்க" என்று மகன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

உள்ளுக்குள் உதறல்தான். என் அப்பா இப்படித்தான், நடக்காததை நடந்ததாகச் சொல்ல ஆரம்பித்து, கடைசியில் என் பெயரையே மறந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்கு இப்போது ஐம்பத்தாறு. டாக்டரிடம் போகத் தைரியம் வரவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தப் படம் தமிழில் காமிக்ஸாகவும் வந்தது, அதையும் படித்திருக்கிறேன். இப்படிப்பட்ட காமிக்ஸை, படம் முடிவதற்கு முன்பே திரைக்கதையை வைத்து வரைந்துவிடுவது உண்டு. படத்தில் வெட்டிய காட்சி புத்தகத்தில் தங்கிவிடும். விமானி அதில் பிழைத்திருந்தால் நானும் பிழைத்தேன். காமிக்ஸ் வாசகர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டபோது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற திருவொற்றியூர் அந்தோணி குரல் செய்தி அனுப்பினார்: "என்னாண்ட கீதுக்கா. போட்டோ எடுக்க விரிச்சா பைண்டு முதுகு ஒடிஞ்சிரும். நேர்ல வந்து பாத்துக்கோ." காமிக்ஸ் சேர்ப்பவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

காலையில் காட்பாடியில் ரயில் ஏறினால் சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் திருவொற்றியூருக்கு ஐந்தே ரூபாய். மெட்ரோவும் உண்டு, ஆனால் மணலி ஆலைகள் பக்கத்துக் காற்றின் நெடியை ஜன்னலோரம் உட்கார்ந்து அனுபவிக்க வேண்டாமா? ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. "இதுங்க நவுராதுக்கா, சந்துல பூந்து போய்க்கினே இருப்போம்" என்ற டிரைவர், சொன்னபடியே பூந்தார்.

அந்தோணியின் மனைவி ரீட்டாதான் கதவைத் திறந்தார். "உப்புக் காத்துல கெட்டுப்போவும்னு புக்குக்குத் தனி ஃபேன் போட்டுக்கீறாருக்கா. நானு வேர்த்துக்கினு கீறேன்."

ஆறு காமிக்ஸ்களைச் சேர்த்து, மைதா பசை காய்ச்சி, அந்தோணியே வீட்டில் போட்ட பைண்டு அது. என் கதை கடைசியில் இருந்தது. விமானி விழுகிறான், மற்றவர்கள் படகில் ஏறுகிறார்கள், அடுத்தது கெட்டி அட்டை. அவ்வளவுதான். அப்பாவின் முகம் கண்முன் வந்தது.

மறுபடி அந்தப் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். கீழே 'முற்றும்' இல்லை. அது இல்லாமல் எந்தத் தமிழ் காமிக்ஸ் முடிந்திருக்கிறது?

"பின்னட்டை எங்கே?" என்றேன்.

"அதோட உள்பக்கம் எப்பவும் வெளம்பரந்தானேக்கா? அந்தப் பக்கத்துல பசை தடவிதான் கெட்டி அட்டைக்கு வெளிய ஒட்டுவோம். பைண்டு போடுற எல்லாரும் அப்பிடித்தான்" என்றவர் சட்டென்று நிறுத்தினார். "பழைய பேப்பர் கடையில கட்டா வாங்கினது. படிக்கறதுக்கு மின்னாடியே ஒட்டிட்டேன்."

அதை உரிக்க அவர் மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ ஈரத்துணியை எடுத்துவந்தார். உப்புக் காற்றில் பசை ஏற்கெனவே ஒரு மூலையில் விட்டிருந்தது. நனைத்து நனைத்து அரை மணி நேரம் உரித்தார்.

இருந்தான். ஒரு கை தொங்க, மறு கையால் வேரைப் பிடித்துப் பள்ளத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தான். அவன் காலடியில் 'முற்றும்'.

அழுதுவிட்டேன். "இன்னாக்கா, அவன் பொழச்சதுக்கு இப்பிடி அழுவுற?" என்றார் அந்தோணி. அப்பாவின் கதையைச் சொன்னேன். ரீட்டா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அட இன்னாக்கா நீ, முதல்ல துன்னு" என்று மீன் குழம்பும் சோறும் போட்டார். அத்தனை ருசியாகச் சாப்பிட்டுப் பல நாள் ஆகியிருந்தது.

அந்தோணி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: முன்கூட்டிப் பேசிவிட்டுப் போங்கள், கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் தொடுங்கள், பத்து மணிக்கு முன்பே போய்விட்டால் லாரித் தொல்லை குறைவு. பைண்டு போடுகிறவர்கள், ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் டாக்டரிடம் நேரம் வாங்கினேன். பயம் இருந்த வரையில் டாக்டரின் எண்ணை அழுத்த என்னால் முடியவில்லை.