பாதி ஆட்டத்தில் எழுந்து போனவர்கள்

ஈர மண்ணில் சுண்ணாம்புப் பொடி விழும்போது ஒரு நெடி கிளம்புமே... மூக்கில் ஏறிக் கண்ணைக் கரிக்கும். எனக்கு ஃபைனல் மேட்ச் என்றால் அந்த நெடிதான்.

கோடு போடத் தனியாக ஆள் எல்லாம் கிடையாது. காலையில் நாங்களே கயிறு பிடித்துக் கோடு போடுவோம். சாயங்காலம் அதே கோட்டுக்குள் ஓடுவோம்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். நான் சிம்மக்கல்லில் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் வேலை பார்த்தேன். ஞாயிறானால் திருநகர் பக்கம் மைதானம். எங்கள் ஃபுட்பால் டீமுக்கு நான்தான் கேப்டன். நன்றாக ஆடுவேன் என்பதால் அல்ல, வயசில் மூத்தவன் என்பதால்.

நன்றாக ஆடுகிறவன் சின்னராசு. திருவாதவூர்க்காரன். வயல் வேலை முடித்து, பஸ் மாறி மாறிப் பயிற்சிக்கு வருவான். நடவு நாட்களில் காலில் சேறு காய்ந்திருக்கும்.

"கால கழுவிட்டு வரக்கூடாதாடா?"

"கழுவிக்கிட்டு இருந்தா பஸ்ஸ விட்டுருப்பேன்ணே."

அதில் ஒரு வருடம் முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்தோம். சின்னராசு அவன் அப்பாவையும் கூட்டி வந்திருந்தான். வெளுத்த சட்டை, தோளில் துண்டு. மனிதர் ஃபுட்பால் பார்த்ததே இல்லை. "தம்பி, இவன் எந்தப் பக்கம் அடிக்கணும்?" என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். நேராக அந்த கோல் போஸ்ட் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நல்ல கூட்டம். சேர் போதாமல் சுவர் மேலெல்லாம் ஆட்கள். பாதிப் பேர் உடம்பில் வெளிநாட்டு டீம் ஜெர்சி...

முதல் பாதியில் ஒரு கோல் வாங்கிவிட்டோம். இடைவேளையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, போட்டியை நடத்திய கமிட்டிக்காரர் ஒருவர் வாட்சைப் பார்த்தபடி வந்தார்.

"தம்பிகளா, செகண்ட் ஹாஃப்ப இருபது நிமிசத்துல முடிச்சுக்குவோம். டிவியில அந்த வெளிநாட்டு மேட்ச் ஆரம்பிக்கப் போகுது. பக்கத்து மண்டபத்துல பெரிய ஸ்கிரீன் கட்டிருக்காங்க. சீஃப் கெஸ்ட்டும் அதப் பாக்கணுங்கறாரு."

"இதுவும் மேட்ச்தாண்ணே" என்றேன்.

"அட, கோவிச்சுக்காதப்பா. இது நம்ம பயலுக ஆடுறது. எப்ப வேணாலும் பாத்துக்கலாம்ல."

இருபது வருடம் ஆகிவிட்டது. இந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

ரெஃப்ரி ஒரு பி.டி. வாத்தியார். "ரெண்டு கேப்டனும் ஒத்துக்கிட்டா முடிச்சுக்கலாம். இல்லாட்டி முழு டைம்தான்" என்று சொல்லிவிட்டார்.

எதிர் டீம் கேப்டன் பீர் முகமது. ஆட்டோ ஓட்டுகிறவர். ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். அவர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால், கமிட்டி என்னையும் அமுக்கிச் சம்மதிக்க வைத்துவிடும். கப் அவருக்குத்தான். எங்கள் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பீர் என்னைப் பார்த்தார். "அரை ஆட்டத்துக் கப்ப வச்சு நான் என்ன செய்ய? முழுசா ஆடுவோம் மாப்ள."

ஆடினோம்.

கொஞ்ச நேரத்தில் சேர் இழுபடும் சத்தம். வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். மைக்கில் கமென்ட்ரி சொன்னவர் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுப் போனார். அப்போது பந்து சின்னராசு காலில் இருந்தது! கமிட்டியும் போனது, சீஃப் கெஸ்ட்டும் போனார். மேசை மேல் கப் மட்டும் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில், காலுக்கு வந்த பந்தைச் சுவருக்கு வெளியே உதைத்தேன்.

முடிய பத்து நிமிடம் இருக்கும். சின்னராசு இடது ஓரமாக வந்தான், இரண்டு பேரைத் தாண்டினான், மூலை பார்த்து இறக்கினான். கோல்!

காலியான சேர்களுக்கு அந்தப் பக்கம், கோல் போஸ்ட் ஓரமிருந்து ஒரே ஒரு கைதட்டல். அவன் அப்பா.

ஒன்றுக்கு ஒன்று. பெனால்டியில் தோற்றோம். கடைசி உதை என்னுடையது, போஸ்ட்டுக்கு மேலே போய்விட்டது. சின்னராசு என் தோளில் கை போட்டான்.

கப் கொடுக்க ஆள் இல்லை. பீர் நேராகச் சின்னராசின் அப்பாவிடம் போனார். "ஐயா, நீங்க வந்து குடுங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும் தம்பி..."

"கடைசி வரைக்கும் நின்னு பாத்த பெரிய மனுசன் நீங்க ஒருத்தர்தான்."

அவர் கப்பைத் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். நாங்களும் அவர்களும் சேர்ந்து கைதட்டினோம்.

பஸ் ஏற நடக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார். "ஏந் தம்பி, எல்லாரும் எந்திரிச்சுப் போனாகளே... நீங்க சரியா ஆடலையோ?"

மண்டபத்திலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. யாரோ, எங்கேயோ, கோல் போட்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் போட்டியே நடக்கவில்லை. 'நம்ம ஊர்ல ஃபுட்பாலுக்கு வரவேற்பு இல்ல' என்று காரணம் சொன்னார்களாம். சொன்னது யார்? பாதியில் எழுந்து போன அதே ஆட்கள்! சின்னராசு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

வெளிநாட்டு ஆட்டத்தைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. நானும் பார்ப்பவன்தான். அழகாக ஆடுகிறார்கள், யார் இல்லை என்றது? ஆனால் நீ எழுந்து போனால் அவர்களுக்குத் தெரியாது. இங்கே தெரியும். இங்கே ஆடுகிறவன் கண்ணுக்கு எதிரே நீ எழுந்து போகிறாய்.

இப்போது என் ஆபீஸில் கார்த்தி என்று ஒரு பையன். அவனுடைய வெளிநாட்டு டீம் தோற்றால் திங்கட்கிழமை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறான். "நாங்க தோத்துட்டோம்ணே" என்கிறான். நாங்க என்றால் யாருடா? அவன் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு டீம் ஆடுகிறது, அதன் பெயர் அவனுக்குத் தெரியாது.

போன ஞாயிறு அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மைதானத்துக்குத்தான் போயிருந்தேன். பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் மேட்ச். வேடிக்கை பார்க்க என்னையும் சேர்த்து எட்டுப் பேர். என்னா வேகம் அந்தப் பிள்ளைகள்! கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நடுவில் கார்த்தி போன் செய்தான். "அண்ணே, மேட்ச் பாக்குறீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். ரெண்டுக்கு ஒண்ணு. செம ஆட்டம்."

"ரெண்டுக்கு ஒண்ணா? எந்த சேனல்ணே?"