அண்ணனின் ரத்தம்

ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாலு வருஷமாக எச்.ஐ.வி. மாத்திரைக்காகச் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குத் திருட்டுத்தனமாகப் போய்வந்தவனுக்கு, கடைசியில் வெளியே சொல்லிக்கொள்ளும்படி ஒரு வியாதி கிடைத்தது. எங்கள் அணு ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்பில் எல்லோரும் கதிர்வீச்சுதான் காரணம் என்று தாங்களாகவே முடிவு கட்டினார்கள். நான் வேலை பார்த்தது தபால் பிரிவில். இருந்தும் மறுக்கவில்லை.

அப்போது பேப்பரில் ஒரு செய்தி வந்தது. இதே இரண்டு நோயும் இருந்த ஒரு வெளிநாட்டுக்காரருக்கு வேறொருவரின் ஸ்டெம் செல்லை மாற்றியதில் எச்.ஐ.வி.யும் போய்விட்டதாம். கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்ச் சென்னை டாக்டரிடம் காட்டினேன். அவருக்கு என் இரண்டு நோயும் தெரியும்.

“அந்தக் கிருமி நுழைய முடியாத அபூர்வமான செல் அது. உங்க அண்ணன் செல் பொருந்தினாலும் கேன்சருக்கு மட்டும்தான் உதவும். மாத்திரையை நிறுத்தவே கூடாது. எச்.ஐ.வி. இருக்கறதை அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன்.

அண்ணன் திருப்போரூரில் மனை விற்பவர். பரிசோதனை முடிந்து என் ஆஸ்பத்திரி அறைக்கு வந்தார்.

“பத்துக்குப் பத்து பொருத்தம்டா! ஒங்கண்ணிக்கும் எனக்குமே ஜாதகத்துல ஆறுதான். ஆனா எனக்குப் போயி எய்ட்ஸ் டெஸ்டு எடுக்கிறானுங்க. நான் இன்னா அந்த மாரி ஆளா? பேஜாரு புடிச்சவனுங்க. சுத்தமான ரத்தம்டா, தைரியமா வாங்கிக்கோ.”

பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். அவர் சிரித்தார். பாவி, நானும் சிரித்தேன்.

மறுநாளே என் எலும்பு மஜ்ஜையை அழிக்கும் மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். இனி அண்ணன் செல் கொடுக்காமல் எழுந்து போனால் நான் செத்தேன். முன்னால் சொல்லத் தைரியம் இல்லை, இப்போது சொல்ல வழியில்லை. ஆறாம் நாள் இரண்டு கையிலும் ஊசியோடு நாலு மணிநேரம் அசையாமல் கிடந்து ஸ்டெம் செல் கொடுத்தார்.

பிழைத்துவிட்டேன். திருப்போரூர் முருகனுக்கு அண்ணன் மொட்டை போட்டார். பார்க்கிறவரிடமெல்லாம், “தம்பி ஒடம்புல ஓடறது என் ரத்தம்” என்பார். ஓடுவது அவர் ரத்தம்தான். என் கிருமி அதிலும் குடியேறிவிட்டது.

மாத்திரைக்காக இன்னமும் மாதாமாதம் செங்கல்பட்டுக்குப் போகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். இன்று காலை அண்ணன் வண்டிச் சாவியோடு வந்து நின்றார், துணைக்கு வருகிறாராம். வேண்டாம் என்றேன்.

“இன்னாடா வோணாங்கிற? என் ரத்தத்தப் பாக்கத்தான போற? நான் வரக்கூடாதா?”