மாட்டுக்குப் போன பருப்பு

என் உடம்பு தரங்கம்பாடி மீனால் கட்டியது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது, பெருமைதான். அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பஸ் ஏறி, சுற்றுவட்டார ஊர்த் தெருக்களில் கூவி விற்றுவிட்டு மத்தியானம் திரும்புவார். விலை போகாத காரலும் மத்தியும் எங்கள் வீட்டுச் சட்டிக்கு வரும். நல்ல மீனெல்லாம் அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும், அந்தப் பொடிமீனைத் தின்றே அக்கா தங்கைகள் மூன்று பேரும் நெடுநெடுவென்று வளர்ந்தோம். பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் எங்களைத் தாண்டிப் போனவர்கள் குறைவு.

கல்லூரியில் சத்துணவியல் எடுத்தபோது, புரதம் என்ற பாடம் எனக்குப் புதிதாகவே தெரியவில்லை. அமினோ அமிலம் என்கிற சின்னச் சின்னத் துண்டுகள், இருபது வகை. அதில் ஒன்பதை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். துண்டும் துண்டும் சேருகிற ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோகும். அப்படிச் சேர்ந்த நீளச் சரம் தனக்கென்று ஒரு விதமாக மடிந்து சுருண்டுகொள்ளும். சூடு பட்டால் அந்த மடிப்புக் கலைந்து, சரங்கள் ஒன்றோடொன்று சிக்கி இறுகிவிடும். இதையெல்லாம் பேராசிரியை பலகையில் படம் போட்டுக் காட்டினார். எனக்கோ, கண்ணாடி மாதிரி இருந்த மீன் சதை கொதிக்கிற குழம்பில் வெள்ளையாக மாறுவது கண்ணில் ஓடியது. மற்றவர்கள் உருப்போட்டார்கள். நான் சின்ன வயதிலிருந்து பார்த்ததை எழுதினேன். வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

இப்போது தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உணவு முறை எழுதிக் கொடுப்பது என் வேலை. குடியிருப்பது பாபநாசத்தில், கணவர் வீட்டில். ஒரு காலத்தில் நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம். மிச்சமிருப்பதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். கணவர் வங்கியில் இருக்கிறார். சுத்த சைவம். எங்களுடையது காதல் கல்யாணம். என் மாமியார் என்னை வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

வந்த முதல் வாரம் அவருடைய சமையலறைக்குள் போய், தண்ணீர் குடிக்க ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தேன். நான் கீழே வைத்ததும் அவர் அதை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினார். என் கை பட்டால் துலக்க வேண்டும் என்றால் இந்தப் படியை இனி மிதிக்கப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன். அதன் பிறகு முற்றத்துக்கு இந்தப் பக்கம் என் கேஸ் அடுப்பு, அந்தப் பக்கம் அவருடைய அடுப்பு. என் அடுப்பிலும் அந்த வீட்டில் சைவம்தான், மீன் எல்லாம் அம்மா வீட்டுக்குப் போகும்போதுதான். ஆனாலும் ஒருவர் சமைத்ததை ஒருவர் தொடாமலே பதினெட்டு வருஷம் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். கணவர் மட்டும் இரண்டு பக்கமும் சாப்பிட்டுத் தொந்தி போட்டார்.

போன வருஷம், அறுவடை முடிந்த வயலைப் பார்க்கப் போன இடத்தில் அறுத்த நெல்லின் அடிக்கட்டையான அரிதாள் குத்தி மாமியாரின் இடது குதிகாலில் காயம் பட்டது. சர்க்கரை உடம்பு. வலி தெரியவில்லை, மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் நடந்திருக்கிறார். நாங்கள் பார்த்தபோது புண் குழி விழுந்திருந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே சேர்த்து, சுத்தம் செய்து, மருந்து கொடுத்து, சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும் குழி தூரவில்லை. கால் வேறு அழுத்தினால் பள்ளம் விழுகிற மாதிரி வீங்கியிருந்தது.

அறுவை சிகிச்சை மருத்துவர் ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அல்புமின் ரொம்பக் கம்மியா இருக்கு. சதை வளர்றதுக்குச் சரக்கே இல்ல. ஊருக்கெல்லாம் டயட் எழுதறீங்க, உங்க வீட்டுலயே இப்படியா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் மூணு வாரம் பாப்போம். புதுச்சதை வரலன்னா கணுக்காலோட எடுத்துடறதுதான் நல்லது. விட்டா மேல ஏறிடும்" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. அல்புமின் என்ன செய்யும் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ரத்தக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைத்திருக்கிற புரதம் அது, குறைந்தால் நீர் கசிந்து காலில் தேங்கும் என்பேன். புண் ஆறும்போது வருகிற புதுச்சதையும் புரதம்தான், மூன்று சரங்கள் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கிற புரதம் என்பேன். அந்தக் கயிறு திரிக்க என் வீட்டில் நார் இல்லை என்கிறார் ஒருவர்.

அன்றைக்கே சார்ட் எழுதினேன். முட்டை என்று நான் ஆரம்பித்ததுமே மாமியார், "அந்த வார்த்தைய எழுதின தாள் இந்த வீட்டுக்குள்ள வராது" என்று சொல்லிவிட்டார். சரி, முட்டையும் வேண்டாம், மீனும் வேண்டாம், சைவத்திலேயே செய்து காட்டுகிறேன் என்று எனக்கும் ஒரு வீம்பு வந்தது. செய்ய முடியாததில்லை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் என்ற இன்னொன்று குறைவு, அரிசியில் அது உண்டு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் ஓட்டையை மற்றது அடைத்துவிடும். தினம் இரண்டு கிண்ணம் பருப்பு, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டு கிண்ணம் தயிர் என்று பெரிய எழுத்தில் எழுதி அவர் பக்கத்துச் சுவரில் கணவரை ஒட்டச் சொன்னேன். சிறுநீரகம் நன்றாக இருந்ததால் மருத்துவரும் சரி என்றார்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் முற்றத்தில் நின்று கேட்பேன்.

"பருப்பு ஆச்சா அத்தை?"

"ஆச்சு."

"சுண்டல்?"

"அதுவும் ஆச்சு."

"தயிரு?"

"எல்லாம் ஆச்சு. பரீட்சை முடிஞ்சுதா, நான் உள்ள போகவா?"

பத்து நாள் கழித்துப் போனோம். புண் அப்படியே இருந்தது, வீக்கமும் அப்படியே. எடை குறைந்திருந்தது. மருத்துவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் தேவலை. புரதம் சிறுநீரில் ஒழுகுகிறதோ என்று சந்தேகப்பட்டு அதையும் சோதித்தோம், சுத்தமாக இருந்தது. இவ்வளவு பருப்பும் பின்னே எங்கேதான் போகிறது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே யோசனை. இன்னும் பதினோரு நாள்தான் இருந்தது.

மறுநாள் விடுப்புப் போட்டிருந்தேன். காலையில் கொல்லைப் பக்கம் துணி காயப்போடப் போனபோது எங்கள் பசு கண்ணில் பட்டது. எலும்பு தெரிய நின்ற மாடு, மினுமினுவென்று தேறியிருந்தது. வைக்கோல் தின்று இந்த மினுமினுப்பு வராதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாமியார் கைத்தடியை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தார். இன்னொரு கையில் ஒரு அடுக்குப் பாத்திரம். கழுநீர்த் தொட்டியில் அதைக் கவிழ்த்தார். மசிய வெந்த துவரம்பருப்பு, மேலே கொண்டைக்கடலை. என் சார்ட்டை அந்த வீட்டில் ஒழுங்காகக் கடைப்பிடித்தது மாடு ஒன்றுதான்.

"அத்தை, என்ன இது?"

"சக்கை. தெளிவ எடுத்தாச்சு. சத்தெல்லாம் தண்ணில எறங்கினப்புறம் சக்கை எதுக்கு?"

"பருப்பு ஆச்சுன்னு தினம் சொன்னீங்களே?"

"ஆச்சுதானே? நீ ரெண்டு கிண்ணம் பருப்புன்னு எழுதின. ரெண்டு கிண்ணம் போட்டு வேகவச்சு, தெளிவ இறுத்து ரசமாக் குடிச்சேன். பருப்ப அப்படியே தின்னா புண்ணு சீழ் வைக்கும். உன் பேச்சையும் கேட்டாச்சு, பத்தியமும் கெடல."

கடலை வெந்த தண்ணீரையும் குடித்திருக்கிறார். தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து, நாலு பங்கு தண்ணீர் விட்டு நீர்மோராகக் குடித்திருக்கிறார். கிண்ணக் கணக்கில் ஒன்றும் குறையவில்லை, எல்லாம் தண்ணீர். கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. காய்ச்சலுக்குக் கஞ்சித் தண்ணீர், உடம்பு தேற ரசத் தெளிவு என்று இந்த வட்டாரத்து வீடுகளில் கொடுப்பதைத்தான் அவரும் செய்திருக்கிறார். தப்பு என் மேல்தான். அந்தப் படியை ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தால், அந்த அடுக்கில் மிஞ்சியது என் கண்ணில் பட்டிருக்கும். ஒரு சொம்புக்காகப் பதினெட்டு வருஷம் முறைத்துக்கொண்டு நின்றேன். அந்த வீம்புக்கு இந்த அம்மாளின் கால் போகப் பார்த்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் சமையலறைக்குள் போனேன்.

"அடுப்பத் தொடலாமா?" என்று கேட்டேன்.

அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "தொடு" என்றார்.

புதிதாகப் பருப்பு வேகவைத்தேன். தெளிந்த நீரில் ஒரு டம்ளர் எடுத்து ஒரு வாணலியில் விட்டேன், அடியில் தங்கிய பருப்பில் ஒரு டம்ளர் எடுத்து இன்னொன்றில் போட்டேன். இரண்டையும் சுண்ட வைத்தேன். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்த மாதிரிதான், இங்கே தராசு மட்டும் இல்லை. தெளிவு சுண்டி வாணலியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு ஒட்டியது. மற்றதில் அடை மாதிரி தடிமனாக நின்றது. மாமியார் முதல் வாணலியை நகத்தால் சுரண்டி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அத்தை. கொஞ்சம் உப்பு, கொஞ்சம் நிறம். வெந்ததும் புரதம் இறுகி பெரும்பாலும் பருப்புலயே தங்கிடும், தண்ணில அதிகம் வராது. சீழ் வைக்கிறது பருப்பு இல்ல, கிருமி. அந்தக் கிருமிய அடிக்கவும் உடம்பு புரதத்தாலதான் ஆள் செய்யுது. நீங்க ஆளுங்களப் பட்டினி போட்டுட்டு மாட்டுக்கு விருந்து வைக்கறீங்க."

அவர் விரலை முந்தானையில் துடைத்தார். பிறகு, "சரி. ஆனா நான்தான் சமைச்சுப்பேன்" என்றார்.

"சமைங்க. நான் பாத்திரத்தப் பாப்பேன்."

அன்றிலிருந்து சாயங்காலம் முற்றத்தில் கேள்வியே கிடையாது. அவர் காலி அடுக்கை எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே சாய்த்துக் காட்டுவார். வழித்தெடுத்து, துடைத்த மாதிரி இருக்கும். எனக்குக் காட்டுவதற்காகவே வழித்தாரோ என்னவோ, வயிற்றுக்குள்தானே போனது. தயிரைக் கடையாமல் அப்படியே சாப்பிட்டார். மாடு மட்டும் தொட்டியை முகர்ந்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தது.

கெடு முடிகிற அன்று மருத்துவர் கட்டைப் பிரித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வந்து பாருங்க" என்றார். குழியின் அடியில் சிவப்பாக, பொடிப்பொடியாகப் புதுச்சதை எழும்பியிருந்தது. "வெட்ட வேண்டியதில்ல. அப்படி என்ன மாத்தினீங்க?"

"மாட்டைப் பட்டினி போட்டோம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதன் பிறகு என் மேஜைக்கு எதிரே உட்காருகிற யாரிடமும் "சாப்பிட்டீங்களா" என்று நான் கேட்பதில்லை. "பாத்திரத்துல என்ன மிஞ்சுச்சு, அது எங்க போச்சு?" என்றுதான் கேட்கிறேன். புருஷனுக்கு, பிள்ளைக்கு, கோழிக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். கல்லூரியில் வாங்கிய முதல் மதிப்பெண்ணைவிட இந்த ஒரு கேள்வியில்தான் எனக்குப் பெருமை அதிகம். இது எந்தப் பாடத்திலும் இல்லை.

புண் முழுவதும் மூடித் தோல் பிடிக்க இன்னும் சில மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அடுப்பில் பருப்பை இறக்கித் தாளித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்டது. தடி ஊன்றுகிற சத்தம் இல்லை. மாமியார் இடது குதிகாலை முழுசாகத் தரையில் பதித்து, ஒவ்வொரு அடியாக எடுத்துவைத்து வந்துகொண்டிருந்தார். கையில் அவருடைய தட்டு. இந்தப் பக்கத்துப் படியை அவர் ஏறி நான் பார்த்ததே இல்லை. ஏறினார்.

"என் பருப்பு எனக்கே சலிச்சுப்போச்சு. உன்னோடது எப்படி இருக்குன்னு பாப்போம்" என்று தட்டை நீட்டினார்.

மீன்காரியின் மகள் நான், அந்த வீட்டின் நடுவில் நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். கண் மட்டும் கலங்கித் தொலைத்தது. தட்டில் சோற்றைப் போட்டு, கரண்டியைப் பருப்பில் விட்டேன்.

"அடியிலேர்ந்து கிளறிப் போடுடி" என்றார். "மேல இருக்கறது வெறும் தண்ணி."