சிரித்துவிட்டுப் பூசு

வாயோரத்தில் முதல் வெள்ளை விழுந்தபோது அதைச் சுண்ணாம்பு என்றுதான் நினைத்தேன். துடைத்தேன், போகவில்லை. பிறகு அது உதட்டைச் சுற்றிப் படர்ந்து மூக்கோரம் வரை ஏறியது. இது வெண்புள்ளி, யாருக்கும் ஒட்டாது, பயப்படாதே என்றார் டாக்டர். பயப்படாதே என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைய தூக்கம் போய்விடும். நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணிக் கொட்டகையில் என் டீ கிளாஸ் மட்டும் ஜன்னல் கட்டையில் தனியாக உட்கார ஆரம்பித்தது.

வீட்டில் கல்யாணத்துக்குத் தங்கை இருந்தாள். அப்பா இல்லை. அவர் இறந்த வருஷம்தான் நான் எட்டாவதோடு படிப்பை விட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் எதிரே உட்கார்ந்து பேச வேண்டியது என்னோடு. என் வாயைப் பார்த்தால் அவளுக்கும் வரும் என்று எழுந்து போய்விடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கும் வீட்டிலிருந்து ஆவணியில் வருவதாகத் தகவல் வந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயம் ராஜபாளையத்தில் சர்க்கஸ் போட்டிருந்தார்கள். எண்பதுகளின் கடைசி. முகம் துடைக்கக் கழிவுத் துணி வேண்டுமென்று எங்கள் கொட்டகையில் கேட்டிருந்தார்கள். சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்க் கூடாரத்தின் பின்னால் இறக்கினேன். அங்கே இரண்டு கோமாளிகள் பனியனோடு உட்கார்ந்து மதியக் காட்சிக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல். நெட்டையானவர் திருநெல்வேலிப் பக்கம். குள்ளமானவர் கேரளத்துத் தலைச்சேரிக்காரர். பூசிப் பூசி நெட்டையரின் கன்னம் கருவாடாகக் காய்ந்திருந்தது.

என் வாயைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏலே, ஒனக்குப் பாதி மேக்கப்பு வீட்லயே போட்டு அனுப்பிட்டாகளா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பதறிப்போய் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்தார். தங்கை, பால்கோவாக் கடை, டீ கிளாஸ் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீங்க பூசுறதை எனக்குச் சொல்லிக் குடுங்க அண்ணாச்சி."

"நாங்க இல்லாத மூஞ்சியக் காட்டுதவங்க. நீ இருக்கிறத மறைக்கக் கேக்க. சரி, வா."

கொட்டகையில் வேலை முடிந்ததும் தினமும் போனேன். வெள்ளைப் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, காவியும் துளி கண்மையும் சேர்த்து, என் கன்னத்து நிறம் வரும்வரை உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். முகத்தில் இழுக்கக் கூடாது, விரல் நுனியால் தட்டித் தட்டி ஏற்ற வேண்டும். அதன் மேல் பழைய சாக்ஸில் கட்டிய பவுடரை ஒற்றினால் எண்ணெய் அடங்கும். பிறகு வெயிலில் நின்று பார்க்க வேண்டும். கூடாரத்து வெளிச்சத்தை நம்பக் கூடாது.

இதெல்லாம் எனக்கு வந்தது. முதல் படிதான் வரவில்லை. அவர்கள் இருவரும் டப்பாவைத் திறக்கும் முன் கண்ணாடியைப் பார்த்து ஈயென்று சிரிப்பார்கள்.

"சிரிச்சாத்தான் எங்கங்க மடிப்பு விழுதுன்னு தெரியும். அந்த மடிப்புக்குள்ள பூசணும். சும்மா வச்சிருக்க மூஞ்சியில பூசுனா, சிரிச்ச மறு நிமிசம் பொளந்துரும். சிரிலே."

கண்ணாடியில் என் வாயைப் பார்த்துக்கொண்டு எனக்கெங்கே சிரிப்பு வரும்? பல்லைக் காட்டினேன். அது சிரிப்பில்லை என்றார் நெட்டையர். குள்ளமானவர் எனக்காக ஸ்டூலிலிருந்து விழுந்து காட்டினார், தன் செருப்பிடமே வழி கேட்டார். நான் அவருக்கு அடிபட்டதா என்று விசாரித்தேன்.

"எந்தா மோனே இது, டிக்கெட் இல்லாமச் சிரிக்கச் சொல்லுது, அதும் வேண்டாமா?" என்று அவர் தலையில் கை வைத்தார்.

கடைசியில் நெட்டையர் சொன்னார்: "ஒண்ணு செய்யி. அவிய வந்துட்டுப் போற வரைக்கும் சிரிக்காத."

"அது எனக்கு லேசு அண்ணாச்சி."

ஆவணியில் அவர்கள் வந்தார்கள். காலையிலேயே வெயிலில் நின்று பூசியிருந்தேன். என் அம்மாவே கிட்ட வந்து பார்த்து, "தெரியலப்பா" என்றாள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா மூவரும் பாயில் உட்கார்ந்தார்கள். தங்கை வந்து கும்பிட்டாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பலகாரத் தட்டை நகர்த்தினேன். இருப்பதிலேயே நல்ல பால்கோவாவாக இருக்க வேண்டுமென்று முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பஸ் ஏறி, நாலு கடை விசாரித்து வாங்கி வந்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு விள்ளல் வாயில் போட்டார். பொட்டலத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, இது நம்ம அடுப்புல கிண்டுனதுல்லா! நம்ம சரக்கத் திங்கவா இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்தோம்?"

பாய் முழுக்கச் சிரித்தது. கதவுக்குப் பின்னால் தங்கையும் சிரித்தாள். வாரக்கணக்காக வயிற்றில் கிடந்த கல் உருண்டு விழுந்தது போல எனக்கும் சிரிப்பு வந்தது. வாய் திறந்து, கண் மூடி, தோள் குலுங்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனை வருஷமோ.

கண்ணைத் திறந்தபோது சிரித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்திருந்தாள். இரண்டு வாயோரத்திலும் பூச்சு வெடித்து, உள்ளேயிருந்த வெள்ளை கோடு கோடாகத் தெரிந்திருக்கிறது. கை வைத்து மூடினேன். கையில் காவி ஒட்டியதுதான் மிச்சம்.

"அது என்னய்யா வாயில?" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். "தாக்கல் சொல்லி விடுதோம்." தட்டில் பால்கோவா அப்படியே இருந்தது. தகவல் எதுவும் வரவில்லை.

அன்று தங்கைதான் தேங்காய் எண்ணெயும் பேண்டேஜ் துணியும் எடுத்து வந்து என் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை. துடைத்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "செத்த நேரம் சிரிக்காம இருந்திருக்கக் கூடாதாண்ணே?"

மூன்று வருஷம் கழித்து, மனைவியை இழந்த ஒருவருக்காகச் சோழபுரத்திலிருந்து பார்க்க வந்தார்கள். நான் பூச்சு டப்பாவைத் திறக்கவில்லை. எனக்குப் பதில் தாய்மாமா முன்னால் உட்காரட்டும் என்று அம்மா சொன்னாள், தங்கையும் மறுக்கவில்லை. அடுப்படிக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு முடிவாகப் போகிறது என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. முகத்தில் பூச்சு இல்லை, பார்க்க ஆளும் இல்லை. ஆனாலும் அவர்கள் பஸ் ஏறிப் போகிற வரைக்கும் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன்.