பாத்துக் குடுங்க சார்

எழுபத்து நாலு ரூபாய் டிப்ஸ் வைத்தது குற்றமா? நீங்களே சொல்லுங்கள்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட். சாப்பாட்டு பில் எழுநூற்று நாற்பது. பத்து சதவீதம் என்றால் எழுபத்து நாலு. ஒரு ஐம்பது, ஒரு இருபது, இரண்டு ரெண்டு ரூபாய்க் காசு. கறுப்பு அட்டைக்குள் அடுக்கி வைத்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்திருப்போம். சர்வர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"சார், காயின் மறந்துட்டீங்க!"

உள்ளங்கையில் நாலு ரூபாய். எழுபதை டிப்ஸ் என்று புரிந்துகொண்ட மனிதருக்கு இந்த நாலு மட்டும் புரியவில்லை.

"அதுவும் உங்களுக்குத்தான்" என்றேன்.

"எதுக்கு சார்?"

"பத்து சதவீதம்..."

அவர் காசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவி சரோஜாவைப் பார்த்தார். அவள் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதவள் மாதிரி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். முப்பத்தாறு வருஷம் பார்சல் ஆபீஸில் மூட்டை எண்ணியவன். ஓய்வு பெற்றும் எண்ணிக்கை ஓயவில்லை. செங்கல்பட்டு ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு எத்தனை படி என்று இங்கே எழுதப்போய், ஒரு படி குறைகிறது என்று மூன்று வாசகர்கள் கடிதம் போட்டீர்களே... அதே ஆள்தான்.

இந்த ரிசார்ட் எங்கள் மகன் செய்த வேலை. கேளம்பாக்கத்தில் ஐடி வேலையில் இருக்கிறான். எங்கள் கல்யாண நாளுக்கு இரண்டு ராத்திரி, மூன்று பகல் பணம் கட்டிவிட்டான். அறை வாடகை அவன் செலவு, கவலை மட்டும் என்னுடையது.

கவலை என்ன? டிப்ஸ்தான். ஊரில் இந்தத் தொல்லை இல்லை. டிபன் சாப்பிட்டோமா, கல்லாவில் கொடுத்தோமா, வந்தோமா. இங்கே கதவைத் திறக்க ஒருவர், பையைத் தூக்க ஒருவர், பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று "வெல்கம்" சொல்ல ஒருவர். காலையில் புஃபே. புஃபேக்கு டிப்ஸ் உண்டா? தட்டை எடுத்தது நான். இட்லியை எடுத்தது நான். சட்னிக்கு வரிசையில் நின்றதும் நான். நியாயமாகப் பார்த்தால் எனக்கல்லவா யாராவது கொடுக்க வேண்டும்?

மகனுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். பதில் வந்தது: "அப்பா, ரிலாக்ஸ். கிளம்பும்போது ரூம்ல ஏதாவது வெச்சிட்டு வாங்க."

'ஏதாவது' என்பது எவ்வளவு? அதைச் சொல்ல மாட்டார்கள்.

அறைக்குள் போனதும் எண்ணிவிட்டேன். டவல் நாலு. தலையணை நாலு. தண்ணீர் பாட்டில் ரெண்டு. காகித மூடி போட்ட கண்ணாடி டம்ளர் ரெண்டு. சர்க்கரைப் பொட்டலம் ஆறு. நாளைக்கு ஏதாவது குறைந்தால் நம் தலையில் கட்டிவிடக் கூடாதே!

சனிக்கிழமை காலை. எனக்கு மேல் வரிசையில் முன்பக்கம் நாலு பல் கிடையாது. கழற்றி மாட்டுகிற பல் செட். ராத்திரி சாப்பிட்ட மீன் வறுவலின் முள் எங்கோ புகுந்து ஈறு எரிந்தது. செட்டைக் கழற்றி, டிஷ்யூ பேப்பரில் சுற்றி, வாஷ்பேசின் ஓரமாக வைத்தேன். அப்படியே சரோஜாவோடு கடற்கரைக்குக் கிளம்பிவிட்டேன். கடலைப் பார்க்கப் பல் எதற்கு?

ஒரு மணி நேரத்தில் எனக்கு வெயில் போதும் என்றாகிவிட்டது. சரோஜா அலையில் காலை வைத்தால் லேசில் எடுக்க மாட்டாள். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் திரும்பினேன்.

அறை பளபளவென்று இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. வாஷ்பேசின் துடைத்த சுத்தம்.

டிஷ்யூவைக் காணோம்.

குப்பைத் தொட்டியில் புதுப் பை. உள்ளே ஒன்றுமில்லை. மறுபடி எண்ணினேன். டவல் நாலு, தலையணை நாலு, பாட்டில் ரெண்டு, மூடி போட்ட டம்ளர் ரெண்டு. எல்லாம் சரி. பல் மட்டும் நாலு குறைகிறது!

ரிசப்ஷனுக்கு ஓடினேன். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். அன்றுதான் அதன் முழு அர்த்தம் தெரிந்தது. முன்பல் இல்லாமல் 'ச' வராது, 'ஷ'தான் வரும்.

"என் பல் ஷெட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்கம்மா!"

ரிசப்ஷன் பெண் பணிவாகச் சிரித்தார். "பெட்ஷீட்டா சார்? உடனே வேற அனுப்பறோம்."

"பெட்ஷீட் இல்லம்மா. பல் ஷெட்! பல்! பல்!"

"ஓ, டபுள் பெட்ஷீட்டா சார்?"

பல்லைக் காட்டிப் புரியவைக்கலாம் என்றால் காட்டுவதற்குப் பல் இல்லை. வாயைத் திறந்து அந்த ஓட்டையைக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

சூப்பர்வைசர் கையில் ஒரு டேப்லெட்டோடு வந்தார். "கம்ப்ளெய்ன்ட் போட்டுடலாமா சார்?"

"போடுங்க."

ஒரே சொல். அவர் விரலால் தட்டினார். அது 'டிங்' என்றது. அந்த 'டிங்'கை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் அறையைச் சுத்தம் செய்த அம்மா வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சாம்பல் நிறச் சீருடை. கையில் ரப்பர் கையுறை.

"இன்னாம்மா, எத்தினி வாட்டி சொல்றது? டிஷ்யூவ பிரிச்சிப் பாக்காம குப்பையில போடாதன்னு!" என்றார் சூப்பர்வைசர்.

"பிரிச்சிப் பாத்தேன் சார்."

"பாத்துட்டுமா போட்ட?"

"போடல சார். அதத்தான் சொல்லிகினு கீறேன். யாரு கேக்கறீங்க?"

நானும் கேட்கவில்லை. "பன்னெண்டாயிரம் ரூபாய் ஷெட்டும்மா அது!" என்றேன்.

அவர் என் வாயை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். "உங்களுதா சார்? வாங்க, ரூமுக்குப் போலாம்."

போனோம். கட்டிலுக்குப் பக்கத்தில், விளக்குக்குக் கீழே இருந்த டம்ளரின் காகித மூடியை எடுத்தார்.

உள்ளே தெளிந்த தண்ணீர். அடியில் என் நாலு பல். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

டம்ளர் ரெண்டு என்று எண்ணினேனே... எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது?

"எங்க மாமியாருக்கும் செட்டுதான் சார். டிஷ்யூ வெயிட்டா இருந்திச்சி. வெறும் பேப்பர் இன்னா வெயிட்டு இருக்கப் போவுதுன்னு பிரிச்சேன். காஞ்சா வளைஞ்சிக்கும், அதான் தண்ணியில போட்டேன். நீங்க தெரியாம குடிச்சிடப் போறீங்கன்னு மூடியும் போட்டேன். வந்தா சொல்லலாம்னு எதிர் ரூம்லயே நின்னுகினு இருந்தேன். நீங்க வந்ததும் தெரியல, ஓடினதும் தெரியல."

செட்டைக் கழுவி மாட்டினேன். 'ச' திரும்பி வந்தது. அந்த 'ச'வை வைத்து முதலில் சொல்லியிருக்க வேண்டிய சொல் 'சாரி'. நான் செய்தது என்ன? பர்ஸை எடுத்து ஐநூறு ரூபாயை நீட்டினேன்.

அவர் கை நீளவில்லை.

"டப்பு அப்பால பாத்துக்கலாம் சார். மொதல்ல கம்ப்ளெய்ன்ட்ட எடுங்க."

"எடுத்தா போச்சு. அதுல என்ன?"

"இன்னாவா? நான் கான்ட்ராக்ட்டு சார். ஆறு மாசம் ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் வரலன்னாதான் பர்மனென்ட்டு. வந்துச்சின்னா மறுபடி ஒண்ணாம் மாசத்துலேர்ந்து எண்ணுவாங்க. எனக்கு அஞ்சு மாசம் இருபத்தாறு நாள் ஆயிட்ச்சி." நாலு விரலைக் காட்டினார். "இன்னும் நாலே நாள்."

எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி ரிசப்ஷன். சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினார். "லாக் ஆனா அழிக்க முடியாது சார். சிஸ்டம் அப்படி. நீங்க வேணா கீழ கமென்ட் எழுதலாம். மேனேஜர் பாத்து முடிவு பண்ணுவாரு."

டேப்லெட்டை வாங்கினேன். வாராவாரம் இங்கே எழுதுகிறேன், ஒரு நாளும் கை நின்றதில்லை. அன்று நின்றது. 'ஒரு சிறு குழப்பத்தின் காரணமாக' என்று ஆரம்பித்தேன். அழித்தேன். 'தகவல் இடைவெளி' என்று போட்டேன். அதையும் அழித்தேன்.

பின்னாலிருந்து குரல். "ஏங்க, ஏன் சுத்தி வளைக்கிறீங்க?"

சரோஜா. புடவை ஓரமெல்லாம் மணல். ரிசப்ஷன் பெண் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"பல்லு உங்களுது. வெச்சது நீங்க. பாக்காம கத்தினதும் நீங்க. அதை எழுதுங்க."

எழுதினேன். 'பல் செட்டை டிஷ்யூவில் சுற்றி வைத்தது என் தவறு. அதை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றியவர் இவர். நான் பார்க்காமல் புகார் சொன்னேன். புகார் தவறு.' மொத்தம் நாலு வாக்கியம். எனக்குத் தெரிந்து நான் எழுதியதிலேயே சிக்கனமானது.

கீழே ஒரு கட்டம். 'பணியாளர் பெயர்.'

விழித்தேன். டவலை எண்ணினேன், சர்க்கரைப் பொட்டலத்தை எண்ணினேன். அவர் பெயரைக் கேட்டேனா?

"கன்னியம்மா" என்றாள் சரோஜா. "பேட்ஜ்ல ஓட்டல்காரங்க கன்யான்னு போட்டிருக்காங்க. ரெண்டையும் எழுதுங்க. நெம்மேலி பக்கம் வீடு. பொண்ணு நர்சிங் படிக்குது. நேத்தே பேசினேனே!"

இரண்டையும் எழுதினேன். 'டிங்.'

மாடியேறிப் போனேன். கன்னியம்மா வராந்தாவில் டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இந்த முறை 'சாரிம்மா'வை முதலில் சொன்னேன். எழுதியதைச் சொன்னேன். பிறகு கேட்டேன். "நாளைக்குக் கிளம்பும்போது தலையணை மேல ஐநூறு வெச்சிட்டுப் போறேன், சரியா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, பேஜாரு பண்ணாதீங்க சார்! நாளைக்கு எனக்கு லீவு. வேற ஆளு வருவாங்க. நான் தேய்ச்ச பாத்ரூமுக்கு அவங்களுக்குக் காசா? அதுவுமில்லாம சும்மா வெச்சா மறந்து வெச்ச பணம்னு ஆபீஸ்ல குடுத்துடணும். சீட்டு எழுதி வெக்கணும். இல்லன்னா அன்னன்னிக்கு ஆளப் பாத்துக் கையில குடுக்கணும்."

"எல்லாரும் எவ்வளவு குடுப்பாங்க?"

"பாத்துக் குடுங்க சார்."

இந்த வாக்கியத்தை எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பேன்! ஆட்டோக்காரர், பிளம்பர், காஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர். கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். தொகையைச் சொல்லாமல் ஏற்றிவிடுகிற தந்திரம் என்று நினைப்பேன். அன்றைக்கு அந்த வராந்தாவில் வேறு மாதிரி கேட்டது. முன்னால் நிற்கிற சர்வரைப் பார்க்கிறோம், அவருக்குச் சதவீதம் போடுகிறோம். நாம் வெளியே போனபிறகு வந்து, நாம் திரும்புவதற்குள் போய்விடுகிறவர்களை எங்கே பார்த்தோம்? 'பாத்து' என்ற பாதியைச் சாப்பிட்டுவிட்டு 'குடுங்க' என்ற பாதியோடு இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறேன்.

ஐநூறைக் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"நாலு பல்லுக்கு ஐநூறு. பல்லுக்கு நூத்தி இருவத்தஞ்சா சார்?"

நான் இன்னொரு நூறை எடுத்தேன்.

"அட, சும்மா ஒரு தமாஷுக்குச் சொன்னேன் சார்!" என்றார். நூறையும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் செங்கல்பட்டு திரும்பினோம். கன்னியம்மாவின் நாலு நாளில் அன்றோடு போனது ஒன்று. திங்கள் இரண்டு. செவ்வாய் மூன்று. எனக்கு இட்லி இறங்கவில்லை. மேனேஜர் கமென்டைப் படித்தாரா? தமிழில் எழுதினேனே, புரிந்ததா? நாலு வாக்கியம் போதாதோ? சரோஜாவிடம் கன்னியம்மாவின் நம்பர் இருந்தது. "கேட்டுப் பாரேன்" என்றேன். "அவங்களே கூப்பிடுவாங்க, சும்மா இருங்க" என்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. சரோஜா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார்! ஆயிட்ச்சி சார்! பர்மனென்ட்டு! மேனேஜர் உங்க கமென்ட்ட எல்லாருக்கும் சத்தமா படிச்சிக் காட்டினாரு. ஒரே சிரிப்பு!"

எதற்குச் சிரிப்பு என்று நான் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"பல்லு பத்திரமா கீதா சார்?"

"இருக்கும்மா. டம்ளர்ல."

"அப்போ தண்ணி பாத்துக் குடிங்க சார்!" என்று சொல்லி வைத்துவிட்டார்.

குடுப்பதோ, குடிப்பதோ... முதலில் பார்த்துத் தொலைய வேண்டும் போலிருக்கிறது.